படி வழியா, குதிரை வழியா?

“படி வழியா, குதிரை வழியா? சீக்கிரம் சொல்லுங்க எத்திராஜ் சார், நாளைக்குக் காலைல கிளம்பணும்.”

மேனேஜர் அஷ்வின் இப்படிக் கேட்டதும் எத்திராஜின் இடது முழங்கால்தான் முதலில் விண்ணென்றது.

நந்தி மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டையைப் பார்க்க, பெங்களூர் அடுகோடியில் இருக்கும் அவர்கள் ஆபீஸே திரண்டு ட்ரெக்கிங் போகிறது. பழைய கல்படிகளில் ஏறலாம். இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் குதிரைகள் ஏறிய காட்டுப் பாதையில் ஏறலாம். உச்சி வரைக்கும் அருமையான தார் ரோடு இருக்கிறது, உட்கார்ந்தபடியே போய் இறங்கலாம் என்பது பெங்களூரில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

காரணம் இருந்தது. அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். அமெரிக்கக் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டதில், அவற்றை நம்பியிருந்த இந்த சாஃப்ட்வேர் ஆபீசில் போன மாதம் பிரகாஷுக்கும் வீணாவுக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது. அடுத்தது யாரோ என்ற பயத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். எத்திராஜுக்கு வயது நாற்பத்தெட்டு. சம்பளக் கணக்கை மாதாமாதம் மும்பைத் தலைமை ஆபீசுக்கு அனுப்புகிற வேலை. மகள் இன்னும் பி.யு.சி.யைத் தாண்டவில்லை. முட்டி வலி என்று வாயைத் திறந்தால் கிழவன் என்று கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று உள்ளூர நடுங்கினார்.

அந்த நடுக்கம்தான் வினை. “எங்கயாவது ஒரு நாள் போலாமா?” என்று அஷ்வின் பொதுவாகக் கேட்டபோது, “பேஷா போலாம் சார்! நந்திக்கு நடந்தே ஏறலாம்!” என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கியவர் இவரேதான்.

“படி வழியே நல்லது சார். நிதானமா ஏறலாம்,” என்றார் இப்போது.

பக்கத்தில் நின்ற சிந்து சிரித்தாள். போன வருஷம் சேர்ந்த புரோகிராமர். “படி வழியா எங்க அத்தையே ஏறியிருக்காங்க சார், இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்.”

எத்திராஜுக்குக் குப்பென்று வியர்த்தது. “நான் மத்தவங்களுக்காகச் சொன்னேன்மா. எனக்கென்ன? குதிரை வழியே இருக்கட்டும்.”

“அது ரொம்பச் செங்குத்துன்னு சொல்றாங்களே?” அஷ்வினின் குரல் இறங்கியது.

நம் தெம்பைச் சந்தேகப்படுகிறார் என்று எத்திராஜ் பதறினார். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அட்ஜஸ்ட் பண்ணுவதைத்தான்.

“அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார். குதிரை வழியில ஏறி, படி வழியில இறங்கிடலாம். ரெண்டையும் பாத்த மாதிரி ஆச்சு.”

அஷ்வினும் சிந்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அஷ்வின் கை தட்டினார். சிந்துவும் தட்டினாள்.

“சூப்பர் சார்! நீங்கதான் லீடர். முன்னாடி போங்க, நாங்க பின்னாடியே வர்றோம்,” என்றார் அஷ்வின்.

சீட்டுக்கு வந்து மனைவி மரகதத்துக்குப் போன் போட்டார். “தைலம் இருக்கா?”

“இருக்கு. ஏங்க, முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?”

“சொல்லிட்டு ஆயுசுக்கும் வீட்ல உக்காரவா?”

“அப்ப தைலத்தைப் பைல வெச்சிடறேன்,” என்று போனை வைத்துவிட்டாள்.

அலுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாவது குப்புறப் படுத்துத் தூங்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே மிச்சமில்லை. ஆபீஸ் காலியாகும்வரை காத்திருந்து, கடைசி ஆளாக வெளியே வந்தார்.

நாளைக்கான வாடகை வேன் வாசலில் நின்றது. டிரைவர் ஜெயராமன் முன்சீட்டில் கால் நீட்டியிருந்தார். எத்திராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கினார்.

“அண்ணா, ஒரு உதவி. காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம்.”

ஜெயராமன் கொட்டாவி விட்டார். “நீங்களுமா? சாயந்தரத்துலேர்ந்து இதேதான் சார். ஒவ்வொருத்தரா வந்து காதுல சொல்லிட்டுப் போறாங்க. அந்தச் சின்னப் பொண்ணு வந்துச்சு. உங்க மேனேஜரும் வந்தாரு, அவருக்கு மூச்சு வாங்குதாம்.”

“மேனேஜரா!” எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. “வேணாம்னா அவரே நிறுத்திடலாமே?”

“நானும் அதயேதான் கேட்டேன். கணக்குல ஒருத்தர் இருக்காராம், மலைன்னா உசிராம், ஆளுங்கள உடவே மாட்டாராம். ஏற மாட்டேன்னா மும்பைக்கு எழுதி வேலைக்கு வேட்டு வெச்சிடுவாருன்னு எல்லாரும் நடுங்குறாங்க... யாரு சார் அந்த எத்திராஜ்?”