மூழ்க ஓர் ஆள்

மூழ்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று மானேஜர் சுப்ரமணியன் மூன்றாவது முறையாக அலுத்துக்கொண்டபோது, சொரிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப விட்ருவோம் சார். படகு விட்டாப் போதாதா?"

"என்னப்பா பேசறே? ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட் ஆபீஸர் வரார். செம்பூர் கல் குவாரியை ஏரியாக்கி, அன்னப்பட்சி மாதிரி ஆறு படகும் விட்டாச்சு. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் தூக்குவார்னு காட்ட வேண்டாமா? லைஃப்கார்டுன்னு உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்?"

"ஒரு பூசணிக்காயத் தூக்கிப் போட்டு எடுத்துக் காட்டுதேன் சார்."

"பூசணிக்கா காப்பாத்துங்கோன்னு கத்துமோ? நாளைக்கே குர்லாவிலேர்ந்து கூலிக்கு ஒரு ஆளைப் பிடிச்சுண்டு வரேன்."

வந்த உயிர் மறுபடி போயிற்று.

ஆறு மாதம் முன்பு சொரிமுத்து தாராவித் தோல் கிடங்கில் உப்புத் தோல் சுமந்துகொண்டிருந்தான். சுப்ரமணியன் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊர்?"

"சீவலப்பேரி சார். ஆத்தங்கரை."

"தாமிரபரணியா! அப்புறம் நீச்சலைப் பத்திக் கேப்பானேன்?" என்று சிவப்பு பனியனும் விசிலும் கொடுத்துவிட்டார். தட்டிப் பார்க்காமல் சட்டி வாங்குகிறவரிடம் ஓட்டையைக் காட்ட எந்தச் சட்டிக்கு மனசு வரும்? பிறந்தபோதே ஜோசியர் தண்ணீரில் கண்டம் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஆற்றை அவன் பார்த்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்துதான். இதை மனைவி பேராச்சியிடம்கூடச் சொன்னதில்லை. அவளோ தாராவி பூராவும், "எங்க வீட்டுக்காரர் ஒரு ஏரியையே காப்பாத்துதாரு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் பொதுக் குழாயடியில், ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தலையில் தண்ணீர் ஊற்றியபடி, நாதஸ்வரக் குரலில் பேராச்சியிடம் புலம்பினான்.

"குர்லாவுல இருந்து எவனோ ஒரு தடியன் வந்து முங்கப் போறானாம் ஏளா."

"தண்ணி ஆழமாங்க?"

"நடுவுல பதினஞ்சடி."

முதுகு தேய்த்துக்கொண்டிருந்த பேராச்சியின் கை கொஞ்சம் நின்றது, பிறகு தேய்த்தது.

மறுநாள் காலை அவள் ஏரிக்கரை ஆபீஸில் நின்றாள். "கூலி எல்லாம் வேண்டாம் சார். நான் முங்குதேன்."

சொரிமுத்து பதறிப்போய் மானேஜரைத் தனியே இழுத்தான். "சார், இவ கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டுக்காரி. அங்க ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. நீச்சல் சுத்தமாத் தெரியாது!"

"பேஷ்! அப்பத்தான் தத்தளிக்கிறது தத்ரூபமா இருக்கும்."

சனிக்கிழமை சொரிமுத்து இருமத் தொடங்கினான். பேராச்சி மிளகுக் கஷாயம் வைத்தாள். மூன்றாவது டம்ளரில் பொய் இருமல் நின்று நிஜ வயிற்றெரிச்சல் தொடங்கியது.

"வேண்டாம் ஏளா. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

"எனக்கு என்ன ஆகும்? அதான் பக்கத்துல நீங்க இருக்கீங்கல்ல?"

தொண்டைவரை வந்த உண்மை, கஷாயத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு கயிறு. ஏரிக்கரையில் கடலை விற்கும் ஜெயினுலாப்தீனுக்கும் பேராச்சிக்கும் ஒரே ஊர். அவளைத் தங்கச்சி என்றும் இவனை மாப்ளே என்றும் கூப்பிடுகிறவர். ஞாயிறு காலை சொரிமுத்து மெல்லிய கயிற்றின் ஒரு நுனியை பனியனுக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறு நுனியை அவர் கையில் திணித்தான்.

"மச்சான், அவளை நான் பிடிச்சதும் இழுத்துருங்க. நான் போனாலும் அவ கரைக்கு வந்துரணும்."

ஜெயினுலாப்தீன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆபீஸர் வந்தார். பாண்டு வாசித்தார்கள். நடு ஏரியில் அன்னப்படகில் எழுந்து நின்ற பேராச்சி, "அய்யோ!" என்று ஒரு சத்தம் போட்டு விழுந்தாள். ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சொரிமுத்துவுக்கு ஜோசியரும் மறந்துபோனார், கயிறும் மறந்துபோயிற்று. காவல் படகிலிருந்து அப்படியே குதித்தான். வாய் நிறைய ஏரி. கண் நிறையப் பச்சை. கையில் ஏதோ புடவை அகப்பட்டது. இனி விடுவதில்லை என்று பிடித்தான். பிறகு தண்ணீரே அவனைத் தூக்கிக்கொண்டு போவது போலிருந்தது. காலில் கரைப் படி தட்டியபோது, அவன் கைக்குள் பேராச்சி கண்ணை மூடிக் கிடந்தாள்.

கரை முழுக்கக் கைதட்டல். "ஷாபாஷ்!" என்றார் ஆபீஸர். "இனிமே நீ பெர்மனென்ட்!" என்று சுப்ரமணியன் ஈரத்தோடு அவனைக் கட்டிக்கொண்டார். பேராச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பயந்துட்டீங்களா?" என்றாள். சொரிமுத்துவுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் கடலைக் கூடையிடம் ஓடினான்.

"மச்சான், நீங்க மட்டும் இழுக்கலேன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்!"

ஜெயினுலாப்தீன் ஏரியைக் காட்டினார். கயிற்றின் மறு நுனி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"நான் எங்க இழுத்தேன் மாப்ளே? எங்க ஊர் அறுபதடிக் கிணத்துல விழுந்த ஆட்டையும் ஆளையும் முங்கி முங்கித் தூக்குனவளே அவதான். 'குளிக்கயில மூக்கைப் பொத்துத மனுசன் யாரைக் காப்பாத்தப் போறாரு, நானே விழுந்தாத்தாண்ணே அவரு கரையேறுவாரு'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் அன்னிக்கு ஆபீஸுக்கே போனா."