'பாஸ்' என்னும் கிளிமீனின் வளர்ச்சி வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் அலுவலக வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டியை வைத்துவிட்டால் ஊழியர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையே மறந்துவிடுவார்கள் என்று கண்டுபிடித்த நாளில்தான் அது முழுமை அடைந்தது. அந்த மாபெரும் நாளில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெருமை நம் அக்காவைச் சேரும். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த மனிதவள மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

'பணியிட அமைதி' பற்றி நடந்த ஒரு பயிலரங்கில், கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது நிர்வாக இயக்குநருக்கு இந்த ஞானம் பிறந்தது. அந்த ஆண்டு நிறுவனத்தின் முழக்கம் 'வளர்ச்சி'. எனவே மீன் கடையில் அவர் வேறு யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நல்லா வளர்ற மீனா ஒண்ணு காட்டுங்க."

"பொதுவா வளராததுதான் சார் கேப்பாங்க."

"எங்களுக்கு வளரணும்."

கடைக்காரர் விரல் நீளத்தில் ஒரு குட்டியைக் காட்டினார். வெள்ளை உடம்பு, முதுகில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டு. பவளப்பாறைகளுக்கு நடுவே வாழும் பெரிய கிளிமீன் வகை. "இதுக்கு ராஸ்னு பேரு சார். ஆளு இடுப்பைத் தாண்டி வளரும். ஆனா வீட்டுத் தொட்டிக்கு..."

"போதும், கட்டுங்க" என்றார் இயக்குநர். 'வளரும்' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிற எதையும் காதில் போட்டுக்கொள்ளாததுதான் அவருடைய வெற்றியின் ரகசியம்.

ஒரே வாரத்தில் ராஸ் 'பாஸ்' ஆயிற்று. அலுவலகத்தில் இப்போது இரண்டு பாஸ்கள்.

"அக்கா, பாஸ் இருக்காரா?"

"இருக்காரே. ஒரு நத்தையப் புடிச்சு கல்லுல மோதிக்கிட்டு இருக்காரு."

வந்தவர் வெலவெலத்துப்போய், நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

விளக்கை அணைத்ததும் மணலுக்குள் புதைந்து தூங்குவது இந்த இனத்தின் சுபாவம். நிர்வாகத்துக்கு அது தெரியாது. முதல் நாளே பாஸைக் காணோம் என்று அல்லோலகல்லோலப்பட்டு, 'அனுமதியின்றி வெளியேறியமை' குறித்து விசாரணைக் குழு அமைத்தார்கள். காலையில் பாஸ் மணலைக் கிளறிக்கொண்டு எழுந்து வந்தது. இரவிலும் அலுவலகத்திலேயே தங்கும் கடமையுணர்ச்சியைக் குழு பாராட்டியது. மற்றவர்களும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை வந்தது.

பாஸ் வளர்ந்தது. தொட்டியில் இருந்த இறால், நண்டு, நத்தை எல்லாம் அதனுடன் 'இணைக்கப்பட்டன'. வெள்ளை உடம்பு கரும்பச்சை ஆயிற்று. நிறம் மாறியதால் விற்பனைப் பிரிவில் அதற்கு மதிப்புக் கூடியது. நெற்றி புடைத்தது, அதை அனுபவ முதிர்ச்சி என்றார்கள். கடைசியில் ஒருநாள், மூக்கு ஒரு கண்ணாடியிலும் வால் எதிர்க் கண்ணாடியிலும் இடிக்க, பாஸ் அப்படியே நின்றது. அன்றிலிருந்து அதனால் திரும்ப முடியவில்லை.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உடம்பைத் திருப்ப முடியாத மீன் கண்ணை மட்டும் உருட்டி உருட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கடல்நீர்க் குளம் வைத்திருக்கும் ஒரு காட்சியகத்துக்கு அவளே போன் போட்டாள். வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம், உங்கள் நிர்வாகம் சம்மதித்தால் போதும் என்றார்கள். அந்தப் 'போதும்' எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டில், சரக்கு வேன் ஓட்டும் அவள் புருஷன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "மீனுக்காகப் பேசப் போய் உன் சீட்டு கிழிஞ்சா என்ன பண்றது?"

"பேசலேன்னா அது செத்துடுங்க."

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப பேசு. மெதுவாப் பேசு."

மறுநாள் 'பொருத்தப்பாட்டு ஆய்வுக் குழு' கூடியது. அக்கா மெதுவாகத்தான் பேசினாள்.

"மீன் ஏதாவது புகார் குடுத்துச்சா?" என்றார் மனிதவள மேலாளர்.

"மீன் எப்படி சார் குடுக்கும்?"

"அப்போ புகார் இல்ல."

"சார், அதால திரும்பவே முடியல சார்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவனிச்சீங்களா? திரும்பிப் பாக்கறதே இல்ல! நேரா முன்னாடி மட்டுந்தான் பார்வை! இப்படி ஒரு ஆளைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிட்டு இருக்கேன்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. காட்சியகத்தின் கோரிக்கை, 'நம் ஆளைப் போட்டி நிறுவனம் இழுக்கும் முயற்சி' என்று நிராகரிக்கப்பட்டது. பாஸுக்குச் சிறந்த ஊழியர் விருது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

விருது நாளில் புகைப்படக்காரர், தொட்டி மூடியில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறது என்றார். மூடியை எடுத்தார்கள். மாட்டுவதற்காக இயக்குநர் பதக்கத்தோடு குனிந்தார். பாஸ் துள்ளி வெளியே வந்து விழுந்தது.

எல்லோரும் பின்னால் ஒதுங்க, அக்கா மட்டும் தரையில் விழுந்து அந்த வழுக்கும் உடம்பை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள். அது நழுவியது, மறுபடி தூக்கினாள். ஒருவழியாகத் தொட்டியில் விட்டபோது பாஸ் அசையவில்லை. அக்கா அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். புகைப்படக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

குழு மீண்டும் கூடியது. மூடியை எடுக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"பாஸோட மனசைக் கெடுத்தது யாரு?" என்றார் மனிதவள மேலாளர், அக்காவையே பார்த்துக்கொண்டு.

"அதுக்குத் திரும்பவே எடமில்ல சார். கெடுறதுக்கு மனசை எங்க வச்சிருக்கும்?"

குழு தன் முடிவை அறிவித்தது. தொட்டி எல்லா வகையிலும் பொருத்தமானது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மீனின் தரப்பில்தான் ஒத்துழைப்புப் போதவில்லை. அது வெளியே குதித்தது, 'விருப்ப ஓய்வு' எனக் கருதப்படும்.

"சரி, ஆகவேண்டியதைப் பாப்போம்" என்றார் இயக்குநர். "அக்கா, கடைக்குப் போன் போட்டு வேற ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. இந்தத் தடவை தொட்டிக்குப் பொருத்தமா இருக்கணும். வளரக் கூடாது. துள்ளக் கூடாது. எடம் பத்தலன்னு அடம்புடிக்கக் கூடாது. போட்டது போட்ட எடத்துல கெடக்கணும்."

அக்கா போனை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இந்த முறை அவள் மெதுவாகப் பேசவில்லை.

"அதுக்கு மீன் எதுக்கு சார்? நாங்க இத்தனை பேர் இருக்கோமே!"

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே நல்ல யோசனைகளுக்கு என்றும் மதிப்பு உண்டு. மறுநாள் காலையிலேயே, தொட்டிக்குள் நாற்காலி போட இடம் இருக்குமா என்று அளந்து பார்க்க ஆள் வந்துவிட்டான்.