நெற்றியில் பட்டை போட்ட மூதாதை

விருத்தாசலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பாடம் பார்த்து விபூதி பூசுகிற ஆள் ஒருவரைத்தான் காணமுடியும். எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. சொந்தப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே தெரியாது. எல்லாருக்கும் அவர் பட்டை டீச்சர்.

காலையில் நெற்றி நிறையப் பட்டையோடு வருவார். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் என்றால் மட்டும் வாசலிலேயே முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து மறுபடி பூசிக்கொள்வார். பக்கத்து நாற்காலிக் கணக்கு வாத்தியார் நான். வாய் சும்மா இருக்குமா?

"என்னங்க டீச்சர், சாமிக்கு ஒரு பீரியடு லீவா?"

"குரங்கு வழியில வந்தோம்னு சொல்லிக்கிட்டு இதோட நிக்கக் கூச்சமா இருக்குதுங்க சார். வூட்டுல சாமி கும்பிடறப்ப பாடம் ஞாபகம் வந்தா அங்கயும் கூச்சமா இருக்குது."

"மத்த பாடத்துக்கு?"

"பூவோட பாகத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க."

இரண்டு பக்கமும் வெட்கப்பட்டுச் சலித்தவர் ஒரு நவராத்திரியில் சமரசத்துக்கு இறங்கினார். கொலுவின் கீழ்ப்படிகளில் மீன், தவளை, பல்லி, குரங்கு, பிறகு மனிதர், உச்சியில் சாமி. குரங்குக்கும் மனிதருக்கும் நடுவே ஓர் ஆள் குறைந்தது. பீங்கான் பொம்மைப் பட்டறையில் சொல்லிச் செய்யவைத்தார்: பாதி நிமிர்ந்து, உடம்பெல்லாம் முடியோடு, வால் இல்லாமல்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பட்டறையில் வெறும் நெற்றியோடு எந்தப் பொம்மையும் சூளைக்குள் போவதில்லை. வர்ணம் தீட்டும் அம்மாள் பழக்க தோஷத்தில் மூன்று கோடு இழுத்துவிட்டார். சூளையில் வெந்த பட்டை மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.

கொலு பார்க்க நானும் போயிருந்தேன். தெருப் பெண்கள் அந்த முடிமண்டிய ஆளுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். "எந்த ஊரு சித்தருங்க இவரு?" என்றார் ஒருவர். டீச்சர் அவசரமாக அவர் கையில் சுண்டலை அள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பெண்கள் சுண்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி உரக்கக் கேட்டாள்:

"டீச்சர், இது நீங்க நடத்துன குரங்கு மனுசன்தானே? இத ஏன் கும்பிடறாங்க?"

கற்பூரத் தட்டு நின்றது. தெருவும் வகுப்பும் சேர்ந்து டீச்சரையே பார்த்தன. அவர் முகம் செத்துப்போயிற்று. அவருக்காக எனக்கே பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது.

கடைசியில் குனிந்த தலையோடு சொன்னார்: "நம்ம மூதாதைதாண்டி. கும்பிடறதுல தப்பில்ல. நானும் கும்பிடுவேன். பரிட்சையில மட்டும் சித்தர்னு எழுதினா முட்டைதான்."

அடுத்த பரிணாம வகுப்புக்கு அவர் பட்டையைத் துடைக்காமலே போனார். வெட்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தி முடித்தாராம்.

இப்போது பெண்ணாடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எங்கள் ஆசிரியர் அறையில் எதற்கும் யாரும் வெட்கப்படுவதில்லை. அவர் இல்லாமல் எனக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை.