பிறை பார்த்த கண்ணுக்கு ஒரு முகம்

சங்கரன்கோவில்

மும்பையில் இருக்கும் விஸ்வநாதன் அத்தான் அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை தில்லைநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் உங்கள் தங்கை பார்வதியும் நானும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் ஊருக்கு வந்து எத்தனையோ ஆடித்தபசு ஆகிவிட்டது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அது கிடக்கட்டும், இது புகார்க் கடிதம்.

ஓய்வு பெற்றபின் வானத்தைப் படம் எடுக்கும் கிறுக்கு எனக்குப் பிடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். நேற்று மூன்றாம் பிறை, பக்கத்திலேயே வெள்ளி. இரண்டும் சேர்ந்து நிற்கும் படம் நன்றாக வந்தால் எங்கள் புகைப்படக் குழுவின் காலண்டரில் போடுவார்கள். ஊருக்குள் வெளிச்சத் தொல்லை என்று மூக்காண்டியின் ஆட்டோவில் பனவடலிசத்திரம் பக்கத்துப் பொட்டலுக்குக் கிளம்பினேன். தனியாக விடமாட்டேன் என்று பார்வதியும் சுக்குக்காப்பி பிளாஸ்க்கோடு ஏறிக்கொண்டாள். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் விழாத இடம் தேடி, முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு, ஸ்டாண்டை நிறுத்திக் காமிராவை முடுக்கினேன். அரை நிமிடம் யாரும் குறுக்கே வரக்கூடாது, வெளிச்சம் கூடவே கூடாது என்றேன். தலையைத் தலையை ஆட்டினாள். அப்போதுதான் பிறை அவள் கண்ணில் பட்டது. பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறை பார்த்த கண் அடுத்து ஒரு நல்ல முகத்தில்தான் விழிக்க வேண்டுமாம். நான் என் முகத்தை நீட்டினேன். மூக்காண்டியும் பெருந்தன்மையாகத் தன் முகத்தைத் தருவதாகச் சொன்னான்.

"ஒங்க மொகத்தத்தான் தெனமும் பாக்கேனே. அண்ணன் மொகத்தக் காட்டுங்க" என்றாள்.

சின்ன வயதில் வேப்பமரத்துக்கு மேலே பிறை தெரிய நீங்கள் அவளைத் தோளில் தூக்குவீர்களாம், இறங்கியதும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாளாம். சொல்லிக்கொண்டே, கண்ணை மூடியபடி நடந்து காமிராவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். விழுந்துவிடப் போகிறாளே என்று ஓடிப்போய், என் மடத்தனம், போனில் உங்கள் படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைத் திறந்தவள், "அண்ணனுக்குத் தல பூரா நரச்சிட்டே" என்றாள். போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குள் பிறையை மேகம் மூடிவிட்டது.

படத்தில் பிறையும் இல்லை, வெள்ளியும் இல்லை. அங்கேயே அழித்துவிட்டேன். இனி அவளைக் கூட்டிப்போவதாக இல்லை. நீங்களாவது போனில் அவளைக் கொஞ்சம் கண்டியுங்கள்.

உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

அன்புள்ள,
தில்லைநாயகம்

பி.கு.: படத்தை அழிக்கவில்லை அத்தான், இத்துடன் வைத்திருக்கிறேன். இருட்டுக்கு நடுவே போன் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிகிறது, தோளிலிருந்து இப்போதுதான் இறங்கிய சின்னப் பிள்ளையைப் போல. அடுத்த மூன்றாம் பிறைக்கும் அவளைக் கூட்டிப்போகிறேன். என் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அதனால் நீங்களே வந்துவிடுங்கள். தூக்க வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும்.