மச்சான் தலையில் கட்டிய புண்

பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறவன் நான். என் உடம்பில் வந்த ஒரு புண்ணை எட்டு மாதம் யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தவனும் நானேதான். எந்த இடத்தில் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டதால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது. இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்: ஆண்குறியில்.

முதலில் அது ஒரு சிவப்புத் தடிப்பு, பருப்பு அளவுதான் இருந்தது. முன்தோலுக்கு அடியில் இருந்ததால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே முன்தோல் இறுக்கம், பின்னால் தள்ள வராது. அதைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. (எங்கள் மலையூரான நோர்வூட்டின் குளிரில் குளித்ததே பெரிய காரியம் என்று நினைத்த ஆள் நான்.) வலியும் இல்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பேன். புதுச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து சவர்க்காரத்தை மாற்றினேன். தடிப்பு புண்ணானது. மறுபடியும் சவர்க்காரத்தை மாற்றினேன்.

மூன்றாம் மாதம் ஹட்டனில் ஒரு பாமசிக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மா நின்றார்.

"யாருக்கு சேர்?"

"எனக்கு" என்று சொல்ல வாய் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"எங்க மச்சானுக்கு."

என் மனைவி புஷ்பாவின் அண்ணன் சிவலிங்கம்தான் அந்த மச்சான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு, மேற்பார்வை உத்தியோகம். மலையில் வேலை செய்யும் ஐம்பது, அறுபது பேரை ஒரு சத்தத்தில் நிமிர வைக்கிற மனிதர். அவருக்கு அந்த இடத்தில் புண் என்று கூசாமல் சொன்னேன். அந்த அம்மா இரக்கப்பட்டு ஒரு களிம்பு கொடுத்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் போய் மச்சானின் நிலவரத்தைச் சொல்லி வேறு வேறு களிம்பு வாங்கினேன். "அவரையே ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க சேர்" என்பார் அந்த அம்மா. "சொன்னா கேக்க மாட்டேங்கிறாருங்க, ரொம்ப வெக்கப்படுறாரு" என்று நான் பெருமூச்சு விடுவேன்.

புண் ஆறவில்லை. கசிந்தது, நாற்றம் வந்தது, சில நாள் இரத்தமும் பட்டது. ஆகவே சாரத்தை நானே துவைக்க ஆரம்பித்தேன். நாற்றத்தை மறைக்க சென்ட் அடித்துக்கொண்டேன். குறட்டை என்று சாக்குச் சொல்லி முன்னறைக்குப் படுக்கையை மாற்றினேன். புஷ்பா பக்கத்தில் வந்தால் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று எழுந்து போனேன்.

இனி இதையெல்லாம் புஷ்பாவின் பக்கம் நின்று பாருங்கள். நாற்பத்தேழு வயதுப் புருஷன் திடீரென்று சென்ட் அடிக்கிறான். தன் உடுப்பைத் தானே துவைக்கிறான். தனியாகப் படுக்கிறான். சனிக்கிழமையானால் ஹட்டனுக்கு பஸ் ஏறுகிறான். அவள் என்ன நினைப்பாள்? அதைத்தான் நினைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு அழுதாள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது அவள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். சளி, தடிமல் என்று நினைத்து இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். (இந்த அக்கறையை என்னவென்று சொல்வது!)

கடைசியில் அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை, நான் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே மச்சான் மோட்டார்பைக்கில் வந்திருக்கிறார். பாமசியில் நான் அந்த அம்மாவிடம் தலையைக் குனிந்து குசுகுசுவென்று பேசியதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார். நான் வெளியே போனதும் நேரே உள்ளே நுழைந்தார். கடையில் ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் அவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள்.

"இப்ப போனாரே மாஸ்டர், நான் அவரோட மச்சான்" என்று விசாரணையைத் தொடங்கினாராம்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டதாம்.

"ஓ, நீங்கதானா அந்த மச்சான்! புண்ணு இன்னும் ஆறலையாமே? ரத்தம் வேற வருதாம். பாவம், சேர் உங்கள நெனச்சு எவ்வளவு கவலப்படுறாரு! அந்த எடத்துல வந்தா வெக்கப்பட்டு மறைக்கக் கூடாதுங்க. இனிமே களிம்பு தர மாட்டேன்னு சேர்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கே போய் சர்ஜன்கிட்ட காட்டுங்க."

மச்சான் வந்த வேகத்தில் வெளியே திரும்பினார். கொழுந்துக்காரப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் பைக்கை ஸ்டார்ட் செய்வதற்குள் செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. கண்டாக்கு ஐயாவுக்கு என்ன நோய், எந்த இடத்தில் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் பேசப்பட்டது. யாரோ கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனைகூடச் செய்தார்களாம்.

மத்தியானம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"மாப்ள, எனக்கு எங்கடா புண்ணு?"

இருபது வருஷத்தில் அவர் என்னை 'டா' போட்டது அன்றுதான். குசினிக் கதவில் புஷ்பா வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு இல்ல மச்சான்" என்றேன். "எனக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். களிம்புகளை எடுத்து மேசையில் வைத்தேன், பதினான்கு குழாய். மச்சானின் கோபம் அப்படியே இறங்கிப் போனது. புஷ்பா மெல்லக் கேட்டாள்:

"அப்ப... வேற பொம்பள யாரும் இல்லையா?"

"இல்ல புஷ்பா. சத்தியமா."

அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். மாதக்கணக்காக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது, சிரிப்புகூட வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகுதான் மேசையிலிருந்த குழாய்களைப் பார்த்தாள். எண்ணினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க. நான் யாரு ஒங்களுக்கு?"

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை மச்சானே என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டொக்டர் சிங்களவர்; மச்சான் சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். நான் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, புண், கசிவு, இரத்தம் என்று வரிசையாக அவர் விவரித்தார். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மச்சானைத் திரைக்குப் பின்னால் போய் உடுப்பைக் கழற்றச் சொன்னார். ("எனக்கில்ல, எனக்கில்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த வரிசையே எட்டிப் பார்த்தது.)

டொக்டருக்கும் சிரிப்பு வந்தது, என் புண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். தொடை இடுக்கில் இரு பக்கமும் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நெறி கட்டியிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது.

தனக்குத் தெரிந்த தமிழில் டொக்டர் நிதானமாக விளங்கப்படுத்தினார். இது அடிக்கடி பார்க்கிற நோய் அல்ல. ஆனால் ஆறாத புண், கட்டி, நிறம் மாறிய தோல், இரத்தம், நாற்றமுள்ள கசிவு, இதில் எது இருந்தாலும், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டியே ஆகவேண்டும். முன்தோல் இறுக்கம், அடியில் சேரும் அழுக்கு, சிகரெட் (நான் பத்தொன்பது வயதில் பிடித்த பழக்கம்), ஒரு வகை வைரஸ், இவையெல்லாம் காரணமாகலாம். அந்த வைரஸுக்குத்தான் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார்கள் என்றார். என் பள்ளிக்கூடத்தில் அந்த ஊசிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவனே நான்தான். புஷ்பாவையும் ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்த அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

"தடிப்பா இருக்கும்போதே வந்தா, மருந்து பூசி, இல்லாட்டி முன்தோல் மட்டும் எடுத்து முடிச்சிருக்கலாம் மாஸ்டர்" என்றார் டொக்டர். "ஏன் இவ்வளவு லேட்?"

மச்சான் என்னைப் பார்த்தார். "இத நீங்களே சொல்லுங்க மாப்ள" என்றார்.

ஆபரேஷனில் ஆண்குறியின் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு நெறிகளையும் எடுத்தார்கள், மின்சாரம் பிடிப்பது என்கிற கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அதனால் ஒரு கால் இன்னும் சாயந்தரமானால் வீங்கும். நின்றுகொண்டே சிறுநீர் போக முடிகிறது. மற்ற விஷயத்திலும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள் என்று டொக்டர் புஷ்பாவையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மச்சான் விடியற்காலை ரயிலில் சாப்பாடு கொண்டுவந்தார். தோட்டத்தில் தன் பெயரில் ஓடிய கதையை அவர் திருத்தவே இல்லை. "ஒங்களப் பத்திப் பேசுறதுக்கு என்னப் பத்திப் பேசிட்டுப் போகட்டும், விடுங்க மாப்ள" என்றார். அதைக் கேட்டு நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

புதிதாகக் கட்டி, நெறி இருக்கிறதா என்று மாதம் ஒரு தரம் நானே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. முதல் ஞாயிறு என்று புஷ்பா கலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அன்று காலை மச்சானிடமிருந்து போன் வந்தது. பரிசோதனை என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணுவதைப் பெரட்டு என்பார்களே, அதையே கேட்டார்.

"பெரட்டு முடிஞ்சிச்சா மாப்ள?"

"முடிஞ்சிச்சு மச்சான்."

"எல்லாம் சரிதானே?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவாவதைப் பேர் விழுவது என்பார்கள்; கொழுந்து குறைந்தால் பாதி நாளாகப் பதிவார்கள், அதற்கு அரைப்பேர் என்று பெயர். அது எப்படி என் வாயில் வந்ததோ.

"அரப்பேருதான் மச்சான்."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு புஷ்பாவுக்கும் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அரப்பேரோ முழுப்பேரோ, பேரு விழுந்திருச்சுல்ல மாப்ள, அது போதும்" என்றார் மச்சான்.

இன்றும் மாதத்தின் முதல் ஞாயிறு அந்த போன் வருகிறது. அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. நானும் சிரிக்கிறேன். போனை வைத்த பிறகு, அந்த முதல் மாதமே புஷ்பாவிடம் சொல்லியிருந்தால் முழுப்பேர் விழுந்திருக்குமே என்று நினைப்பு வரும். அதை மட்டும் மச்சானிடம் சொல்வதில்லை.