துருப்பிடித்த என் பெயர்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று பகாவ் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்து நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். என்னை நானே புகழாவிட்டால் வேறு யார் புகழ்வார்கள்? (என் மனைவி லெட்சுமியா? நல்ல கதை!)

அந்தப் பெருமை ஒரே ஒரு முறை என்னைக் குப்புறத் தள்ளியது. சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்கு ஒரு சுடுநீர்த் தொட்டி செய்யும் வேலை வந்தது. முழுக்கத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தொட்டி தேறினால் ஆலையின் ஒரு வருட ரிப்பேர் வேலையும் எனக்கே என்று பேச்சு. பார்த்துப் பார்த்துச் செய்தேன். தகட்டுக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் குச்சி, மீன் செதில் அடுக்கியது போல ஒட்டு. முடித்ததும், வழக்கம்போல வெல்டிங்கிலேயே என் பெயரை எழுத உட்கார்ந்தேன். கேட் செய்தாலும் கோழிக்கூண்டு செய்தாலும் நான் பெயர் போடாமல் விட்டதில்லை.

பார்த்தால், நல்ல குச்சி தீர்ந்திருந்தது. பெயர்தானே, தண்ணீரையா தாங்கப்போகிறது? கேட்டுக்குப் போடும் சாதாரண இரும்புக் குச்சியை எடுத்து, தொட்டியின் நெற்றியில் 'மாரிமுத்து' என்று சாண் உயரத்துக்குத் தீட்டினேன். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஆலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கிருஷ்ணன் போன் செய்தான்.

"அண்ணே, உங்க தொட்டி அழுவுது. சீக்கிரம் வாங்க லா."

போனேன். தொட்டி பளபளத்தது. ஆனால் என் பெயரின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் பழுப்புக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. 'த்' மேல் வைத்த புள்ளி மட்டும் தனி ஆறே ஓடவிட்டிருந்தது.

ஆலை இன்ஜினியர் தாரணி, என் மகள் வயதுப் பெண், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு நின்றாள். உலோகத்தில் வைத்தால் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று அது சொல்லிவிடுமாம்.

"குச்சி தப்பா போட்டுட்டீங்களா, அங்கிள்? ஒட்டு பூரா இப்படின்னா தொட்டியைக் கழட்டிற வேண்டியதுதான்."

"என்னாமா பேசுற! நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குச்சி புடிச்ச கை இது. உன் துப்பாக்கிய உள்ள வை. என் காந்தம் போதும்!"

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். சாதா இரும்பைக் கவ்வும், நல்ல ஸ்டெயின்லெஸ்ஸில் நிற்காது. தகட்டில் வைத்தேன். வழுக்கியது. ஒட்டில் வைத்தேன். லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு விழுந்தது.

"நல்ல ஸ்டெயின்லெஸ் ஒட்டுகூட காந்தத்தக் கொஞ்சம் இழுக்கும். சரிதான்" என்றாள் அவளே.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? ஆலையே கூடிவிட்டதே!

"இப்ப இங்க பாரு! பேரு மட்டுந்தான் சாதா குச்சி!" என்று என் பெயரில் வைத்தேன்.

டக்.

காந்தம் 'மு'வைக் கவ்விக்கொண்டது. ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன்.

"அண்ணே, உங்க பேரு உங்கள விடமாட்டேங்குது!" என்றான் கிருஷ்ணன்.

தாரணி ஒட்டு ஒட்டாகக் கருவியை வைத்துப் பார்த்தாள். குரோமியம், நிக்கல் எல்லாம் அளவாக இருந்தன. பெயரில் வெறும் இரும்பு.

"அவ்வளவு பெரிய ஸ்டெயின்லெஸ்ல துளியூண்டு சாதா இரும்பு ஒட்டியிருந்தா, ஈரம் பட்டதும் அந்த இரும்பத்தான் அரிக்கும், அங்கிள். வேலை அருமை. பேருதான் மட்டம். அழிச்சிட்டு வாங்க, கான்ட்ராக்ட் உங்களுக்கு."

ஆலை முழுதும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேடிக்கை பார்க்க, என் அப்பா வைத்த பெயரை நானே கிரைண்டரால் எழுத்தெழுத்தாகச் சீவினேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்து பளபளப்பாக்கினேன்.

அத்தோடு அடங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் நல்ல குச்சி வாங்கிப்போய், தொட்டியின் சுவரைப் பார்த்த பக்கத்தில், யாரையும் கேட்காமல், இரண்டு விரல் உயரத்தில் மறுபடியும் எழுதினேன். அடுத்த சோதனையில் தாரணி கண்டுபிடித்துவிட்டாள். குனிந்து கருவியை வைத்தாள்.

"பாஸ், அங்கிள்" என்றாள். இன்றும் அது அங்கே மின்னுகிறது.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. "இவரு வேலை துருப்புடிக்காது, பேருதான் புடிக்கும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியோடு சேர்த்துப் பரிமாறுகிறாள் லெட்சுமி. அந்தக் காந்தம் இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில். நான் என் கதையை ஆரம்பித்தால் போதும், எடுத்துவந்து என் நெஞ்சில் வைத்து அழுத்துவாள்.

அது வழுக்கிக் கீழே விழும்.

"பாத்தியா? அசல் ஸ்டெயின்லெஸ்!" என்பேன்.