திரைக்கு வெளியே நடந்த வகுப்பு

இருபத்தாறு வயதுக்காரனைத் தற்காலிக உதவி விரிவுரையாளராக நியமிக்கக் கூடாது. நியமித்தாலும் 'ஆய்வுச் சுதந்திரம்' என்ற சொல்லை அவன் காதில் போடக் கூடாது. எனக்கு இரண்டும் ஒரே மாதத்தில் கிடைத்துத் தொலைத்தன.

அது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். கலை வரலாற்று வகுப்பில் படம் போட்டுக் காட்ட வழியில்லை. நடராசரின் தூக்கிய திருவடியை நான் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறினால் பின்வாங்கில் இருக்கும் மாணவர்களின் சிரிப்புக் கேட்கும். (பக்கத்தில் 'கால்' என்று எழுதிவிட வேண்டியிருந்தது.) அப்போதுதான் குருநகர் மாதா எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தார்.

ஷெல்லடியில் குருநகர் இடம்பெயர்ந்தபோது, அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் பழைய மாதா சிலையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கோயில் சனங்கள் எங்களிடம் தந்தார்கள். கூட வந்தவள் என் மாணவி ஜெசிந்தா.

"உடுப்பு மட்டும் கவனம், சேர். என்ரை அம்மா அதை ஒருத்தரையும் தொட விடமாட்டா" என்றாள். ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் சேலை உடுத்திய இப்படியான சிலைகளில் முகமும் கைகளும் மட்டுமே செதுக்கியிருக்கும், உள்ளே வெறும் மரச்சட்டம்தான் என்று படித்திருந்தேன். கண்ணால் கண்டதில்லை. கை துறுதுறுத்தது.

அடுத்த வகுப்பில் முழங்கினேன். "இது கோயில் இல்லை, பல்கலைக்கழகம். இங்கே எதையும் கேட்கலாம், எதையும் திறந்து பார்க்கலாம்!" (கைதட்டலுக்கு இடைவெளிகூட விட்டேன். ஒருவரும் தட்டவில்லை.) பிறகு மாதாவின் சேலைக் கொசுவத்தைப் பிடித்தேன்.

ஜெசிந்தா எழும்பினாள். சத்தம் போடவில்லை.

"சேர், உங்கடை முருகனுக்கு உடுப்பு மாத்தேக்கை திரை போடுறவையெல்லோ?"

எங்கள் ஊர்க் கோயிலில் ஐயர் திரையை இழுத்ததும் தலையைக் குனிந்துகொண்டே வளர்ந்தவன் நான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. பதறிப்போய்க் கொசுவத்தைத் திரும்பச் செருகினேன். பட்டு சர்ரென்று கிழிந்தது.

"அது என்ரை அக்காவின்ரை கூறைச்சேலை, சேர்."

கலியாணத்துக்கு முதல், கடற்படைச் சூட்டுக்கு நடுவே கிளாலிக் கடலைப் படகில் கடக்கப் போன அக்கா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் உடுக்காத கூறையை ஜெசிந்தாவின் தாய் மாதாவுக்குச் சாத்தியிருந்தார். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம், எதையும் கேட்கலாம் என்று முழங்கிய எனக்கு மட்டும் தெரியாது. நான்தான் ஒன்றும் கேட்கவில்லையே.

துறைத்தலைவர் அன்றே கூப்பிட்டார். "இனிச் சிலையளை விடும். தூணைப் படிப்பியும். தூணுக்கு உடுப்பில்லை."

மறுநாள் ஜெசிந்தாவின் தாய் ஊசியும் நூலுமாக வந்தார். மகளை இனி வகுப்புக்கு வரவிடாமல் மறித்துவிடுவார் என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்க அருகில் போனேன். அவரோ என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பாடத்தை நிப்பாட்டிப் போட்டியளாம். நிப்பாட்ட வேண்டாம். இவளாவது படிக்கவேணும். நான் உள்ளுக்கை நிண்டு தைக்கிறன், நீங்கள் வெளியிலை நிண்டு கதையுங்கோ."

இரண்டு மாணவிகள் படுக்கை விரிப்பை மறைப்பாகப் பிடித்தார்கள். நான் வெளியே நின்று, கண்ணுக்குத் தெரியாத சிலையைப் பற்றி விரிவுரை ஆற்றினேன். அப்போதும் பாழாய்ப்போன ஆசை விடவில்லை.

"அம்மா, உள்ளே மரச்சட்டம் ஏதும் இருக்கிறதா?"

"உள்ளுக்கை மாதா இருக்கிறா."

"மாதாவுக்கு உள்ளே?"

"அதை மாதாவிட்டைக் கேளுங்கோ."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிரிப்பு அடங்கியபோது விரிப்புக்குள்ளிருந்து தாயின் மெல்லிய குரல் கேட்டது. எங்களோடு பேசவில்லை.

"அசையாதை, பிள்ளை. கொஞ்சம் பொறு. முந்தானை சரிவருகுது."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். வெண்கட்டி கையில் இருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

இப்போது வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் போதும், பிள்ளைகள் விரிப்பொன்றை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்துவிடுவார்கள். "அதை மாதாவிட்டைக் கேளுங்கோ!" என்று மனைவி குசினியில் சமைத்தபடியே குரல் கொடுப்பாள். வீடே சிரிக்கும். கதையை நான் வகுப்பு சிரித்த இடத்தோடு நிறுத்தித்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நானும் சிரிக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். நடுவில் விரிப்பு இருப்பது எனக்கு வசதி.